கல்மடை ஏரியின் ஆறாம் நம்பர் ரிசீவர்

1. மீனுக்குத் தையல்

"வசந்திம்மா, உங்களுக்குத் தையல் வருமா?" என்று பிரசாத் சார் கேட்டபோது ஆபீஸ் ஜன்னல் ஸ்கிரீன் ஏதோ கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "ஜாக்கெட்டே தைப்பேன் சார்" என்றேன். மறுநாள் காலை கல்மடை ஏரிக்கரையில் ஒரு விரால் மீனை மல்லாக்கப் படுக்க வைத்து, வளைந்த ஊசியை என் கையில் கொடுத்தார்.

மீன் ஆபீசில் பீல்டு அசிஸ்டென்ட்டாக எனக்கு அப்போது இருபத்தாறு வருஷ சர்வீஸ். பீல்டு அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து அதே பதவியில் ரிட்டயர் ஆனவள் நான். பிரசாத் சார் விஞ்ஞானி. வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், நல்ல மனுஷன். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. அதை அவருடைய குறை என்று அப்போது நினைத்தேன்.

கல்மடை ஏரி செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பக்கம் உள்ளே இருக்கிறது. பதினெட்டுக் குடும்பம் லைசென்ஸ் அட்டை வாங்கி அதில் மீன் பிடித்துப் பிழைத்தது. விரால் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அது எங்கே தங்குகிறது, எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் வலை போடக் கூடாது என்று தடை போட்டால் மீனும் பிழைக்கும், ஆட்களும் பிழைப்பார்கள். இதுதான் திட்டம். எங்கே வலை விரிக்கலாம், எங்கே கூடாது என்பதை நாங்கள் கொடுக்கப் போகும் ரீடிங்தான் முடிவு செய்யும்.

வேலை இப்படி. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனைப் போட்டால் மயங்கிவிடும். வயிற்றில் சின்னதாகக் கீறி, சுண்டு விரல் நுனி அளவு இருக்கும் டேக்கை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். அந்த டேக் தண்ணீருக்குள் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் காதுக்குக் கேட்காது. ஏரியில் ஆறு இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ரிசீவருக்குக் கேட்கும். எந்த நம்பர், எத்தனை மணிக்கு, எந்த ரிசீவர் பக்கம் வந்தது என்று அது பதிந்து வைக்கும். மாதம் ஒரு தடவை ரிசீவரைத் தூக்கி லேப்டாப்பில் டவுன்லோடு செய்ய வேண்டியது என் பொறுப்பு.

உயிர் மீன் பிடித்துக் கொடுத்தது ஏழுமலை. மீனவர் சங்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். என்னைவிடப் பத்து வயது சின்னவன். தொட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், மீனுக்கு சிசேரியனா?"

"ஆமா. நீ வெளிய போய் உக்காரு, கொழந்த பொறந்ததும் சொல்றேன்" என்றேன். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று முப்பது மீன். பதினாலாம் நம்பரிலிருந்து கடைசி வரை நான் தைத்தவை. ஒன்றுகூட அங்கே சாகவில்லை. அன்று சாயந்திரம் எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

2. கை வச்சா

டேக் போட்ட மீனுக்கு முதுகுத் துடுப்பில் மஞ்சள் நூல் ஒன்று அடையாளத்துக்குக் கட்டினோம். பிறகு சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டோம். பிரசாத் சார் எழுந்து, "மஞ்சள் நூல் இருக்கற மீன் வலையில பட்டா, தயவுசெஞ்சு எங்களுக்குத் தகவல் சொல்லுங்க. உயிரோட இருந்தா விட்டுடுங்க. செத்திருந்தாலும் சொல்லுங்க, அதுவும் எங்களுக்கு ஒரு தகவல்தான்" என்றார்.

கோயிலில் கதை கேட்பவர்கள் மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. இந்த மனுஷன் கெஞ்சினால் இவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று நினைத்து, நான் எழுந்து அதை என் பாஷையில் சொன்னேன்.

"இங்க பாருங்க. மஞ்சா நூல் கட்டுன மீனு கவர்மென்ட் மீனு. அதும்மேல எவனாவது கை வச்சீங்க, லைசென்ஸ் அட்ட போயிடும். அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏழுமலை மட்டும், "வலைக்கு மஞ்சா நூலு தெரியுமா மேடம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் அதற்கு முறைத்தேன்.

ஜீப்பில் திரும்பும்போது பிரசாத் சார், "கொஞ்சம் கடுமையாச் சொல்லிட்டீங்களோ?" என்றார். "அடியாத மாடு படியாது சார். இவங்கள எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எங்கள் நைனா சிங்கவரத்தில் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனவர். அதிகாரி குரலை உயர்த்தினால் அவர் வாயிலிருந்து நிஜம் வராது. "சரிங்க" என்ற ஒரு சொல்தான் வரும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மேடம் என்று கூப்பிட நாலு பேர் கிடைத்ததும் அதே குரலைத்தான் எடுத்தேன்.

3. மதகுப் பள்ளம்

ஆறாம் நம்பர் ரிசீவரை மதகுப் பக்கம் கட்டியிருந்தோம். கோடையில் ஏரி சுருங்கினாலும் மதகடியில் இடுப்பளவோ மார்பளவோ தண்ணீர் நிற்கும். இறங்கக் கல்படி உண்டு. வீச்சு வலை போடத் தோதான இடம்.

மூன்றாம் நம்பர் அதற்கு நேர் எதிர்க்கரையில், கல்லுப் பள்ளத்தில். அந்தக் காலத்தில் கல் வெட்டி எடுத்த குழி, பிறகு ஏரியோடு சேர்ந்துவிட்டது. அங்கே ரிசீவர் இறக்கிய அன்று கொண்டுபோன கயிறு முழுவதும் போயும் தரை தட்டவில்லை. தெர்மாகோல் தெப்பத்தில் என்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஏழுமலை அந்த இடத்தில் மட்டும் கேலிப் பேச்சை நிறுத்திவிடுவான்.

"இங்க யாரும் வலை போட மாட்டோம் மேடம். அடியில கல்லு எல்லாம் அருவா மாதிரி நிக்கிது. மாட்டுச்சின்னா வலைய விட்டுட்டு வந்துடணும். எறங்கக் கூடாது."

மாசி, பங்குனியில் ரீடிங் ஏரி முழுக்கப் பரவலாக வந்தது. சித்திரையிலிருந்து ஒவ்வொரு நம்பராக மதகுப் பக்கம் சேர ஆரம்பித்தது. வைகாசிக் கடைசியில் இருபத்திரண்டு நம்பர் ஆறாம் ரிசீவரில். அங்கேயே, ராத்திரி பகலாக. மற்ற நம்பர்கள் எங்கேயும் கேட்கவில்லை.

பிரசாத் சாருக்கு ஒரே சந்தோஷம். "தண்ணி வத்த வத்த எல்லாம் இங்க வந்து ஒதுங்குது வசந்திம்மா. இந்த ஒரு இடத்தைக் காப்பாத்தினா போதும், அடுத்த வருஷம் விரால் பெருகிடும்" என்றார்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. "அதெப்படி சார், ரெண்டு மாசமா ஒரு அடி நகராம ஒரே எடத்துல இருக்கும்?" என்று கேட்டேன்.

"விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் இல்லையா? தண்ணி குறைஞ்சா சேத்துக்குள்ளயே புதைஞ்சு உயிரோட கிடக்கும். அந்த மாதிரி மீன் அது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விரால் அப்படிப்பட்ட மீன்தான். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த ரிசீவரைத் தூக்கும்போதெல்லாம் பத்தடி தள்ளி, மதகுக் கல்படியில் அஞ்சலை உட்கார்ந்திருப்பாள். ஏழுமலையின் மனைவி. கரையிலேயே மீன் வாங்குகிறவர்களுக்கு அங்கேயே சாம்பல் தேய்த்து, செதில் எடுத்து, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து கொடுப்பாள். குடலை உருவித் திரும்பிக்கூடப் பார்க்காமல் மதகுப் பள்ளத்தில் வீசுவாள். கெளுத்தி வந்து மொய்க்கும். எனக்கும் எத்தனையோ நாள் விரால் கழுவிக் கொடுத்திருக்கிறாள். "குடலு வேணாமா மேடம்?" என்று கேட்டு, நான் வேண்டாம் என்றதும் வீசியிருக்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பில் நம்பர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

4. பச்சை

ஆனி மாதம் தடை உத்தரவு வந்தது. மதகைச் சுற்றி வலை போடக் கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்து. ஏரி மேப்பைப் பெரிதாக பிரிண்ட் எடுத்துச் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டினோம். மதகுப் பக்கம் சிவப்பு. கல்லுப் பள்ளத்தில் ஒரு டேக்கும் கேட்காததால் அது பச்சை. பச்சையில் தாராளமாகப் பிடிக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. எழுதியது நான், ஸ்கெட்ச் பேனாவால்.

ஏழுமலை மேப்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"மேடம், மதகாண்ட வெராலே இல்ல மேடம்."

"மிஷின் இருக்குதுன்னு சொல்லுதே."

"மிஷினு சொல்லும். நான் தெனமும் தண்ணில நிக்கிறவன் சொல்றேன். அங்க இல்ல."

"அப்போ இருபத்திரண்டு நம்பர் எங்கேர்ந்துப்பா வருது?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே அஞ்சலை நின்றிருந்தாள். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள். அதை நான் பார்த்தேன். புருஷன் அதிகாரியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று தடுக்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"மேடம், நான் ஒண்ணு சொன்னா…" என்று ஆரம்பித்தான்.

நான் குறுக்கே விழுந்தேன். "தெரியும் ஏழுமலை. மதகு உனுக்கு சௌரியமான எடம். அத உட மனசு வரல. அதுக்காக மீனே இல்லன்னு கதை உடாத."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. "ஒண்ணும் இல்ல மேடம், உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆடியில் வெயில் குறையவே இல்லை. ஏரி இரண்டு குட்டையாகச் சுருங்கிவிட்டது. மதகுப் பள்ளம் ஒன்று, கல்லுப் பள்ளம் ஒன்று. மதகு சிவப்பு. மிச்சம் இருந்தது பச்சை மட்டும்.

ஆவணி மாதம் ஒரு காலை, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சங்கத்திலிருந்து போன் வந்தது. "மேடம், ஏழுமல கல்லுப் பள்ளத்துல எறங்கனவன் மேல வரல."

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி வந்திருந்தது. கூடப் போனவர்கள் சொன்னார்கள். புது வலை. கல்லில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வா என்று எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். எனக்கு அத்தனை தடவை புத்தி சொன்னவன், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியிருக்கிறான். வலை காலில் சுற்றிக்கொண்டது. மதியத்துக்கு மேல்தான் எடுத்தார்கள். அவனுடைய தெர்மாகோல் தெப்பம் மூன்றாம் நம்பர் ரிசீவர் கயிற்றில் இடித்துக்கொண்டு நின்றது.

அஞ்சலை கரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

5. சேறு

புரட்டாசியில் மதகுப் பள்ளமும் வற்றியது. ஆறாம் நம்பர் ரிசீவர் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பிரசாத் சார் வெளியூரில் இருந்தார். "விரால் எல்லாம் சேத்துக்குள்ள இருக்கும் வசந்திம்மா. ஒண்ணு ரெண்டு தோண்டி உயிரோட இருக்கான்னு பாருங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று போனில் சொன்னார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மண்வெட்டி மீன் மேல் பட்டுவிடக் கூடாது என்று கையால்தான் தோண்டினேன். முழங்கை வரை சேறு. படிக்குப் பக்கத்தில் சேற்றைவிடச் செதில்தான் அதிகம். நாலைந்து பிடி அள்ளியதும் கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. கூழாங்கல் என்று வீசப் போனேன். கழுவிப் பார்த்தேன். டேக். மேலே நம்பர் பொறித்திருந்தது. பதினாலு. நான் போட்ட முதல் தையல்.

அதே இடத்தில் இன்னும் தோண்டினேன். பத்தொன்பது டேக் கிடைத்தது. உயிரோடு ஒரு விரால்கூட இல்லை. செத்த விராலும் இல்லை. செதிலும், மீன் இல்லாமலே சேற்றிலிருந்து நம்பர் சொல்லிக்கொண்டிருந்த டேக்கும்தான்.

படியில் நிழல் விழுந்தது. அஞ்சலை.

"இன்னா மேடம் தேடற?"

சேற்றுக் கையை விரித்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுவா. வவுத்துல இருந்துச்சி. ஒவ்வொண்ணும் கொடலோட வரும். அப்பிடியே வீசிடுவேன்."

"மஞ்சா நூலு?"

"அத அவுரு வலையிலயே அறுத்துடுவாரு."

"ஏன் அஞ்சல? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொன்னாள். திட்டுவது போலச் சொல்லவில்லை.

"வெராலு மேல வந்து காத்து குடிக்கிற மீனு. வலைல மாட்டுனா மூச்சு முட்டி செத்துடும். செத்த மீன எப்பிடி மேடம் தண்ணில உடறது? கை வச்சா அட்ட போயிடும்னு நீதான சொன்ன. அன்னிக்கி சங்கத்துல அவுரு உங்கிட்ட சொல்லத்தான் வந்தாரு. நான்தான் வாணான்ட்டேன். பதினெட்டு பேரு அட்டயும் போயிடும்னு."

அவள் படியில் உட்கார்ந்தாள். நான் சேற்றில் நின்றேன். அவளைத் தொட்டு ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன், கையெல்லாம் சேறு. அவளுக்கும் எனக்கும் நடுவே அந்தப் பாவத்தில் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது. என் பங்கு பெரிது. அது அவளுக்கும் தெரியும்.

6. பிறகு நடந்தது

பிரசாத் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். "ரிப்போர்ட்ல என் தப்புன்னு எழுதறேன்" என்றார். "நம்ம தப்புன்னு எழுதுங்க சார்" என்றேன். எழுதினார். மேலே அனுப்பினார். தடை நீக்கப்பட்டது. அந்தக் காகிதத்தை நான்தான் கொண்டுபோய்ச் சங்கத்தில் ஒட்டினேன். சிவப்பும் பச்சையும் போட்ட மேப்பைச் சுவரிலிருந்து கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

அஞ்சலை இப்போது மீன் கழுவுவதில்லை. அனந்தபுரத்தில் காய்கறிக் கடையில் நிற்கிறாள். பஸ்ஸில் பார்த்தால், "சாப்ட்டியா மேடம்?" என்று கேட்பாள். அவள் அப்படிக் கேட்பதைத் தாங்குவதைவிடத் திட்டு வாங்குவது சுலபம்.

ரிட்டயர் ஆவதற்கு முன் இன்னொரு ஏரியில் டேக் வேலை வந்தது. கூட்டத்தில் இப்படிப் பேசினேன்: "மஞ்சா நூல் மீனு வலைல செத்துக் கெடந்தா கொண்டுபோய்க் கொழம்பு வைங்க. வவுத்துல இருக்கிற டேக்க மட்டும் எங்கிட்ட குடுங்க. யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்." பத்து நாளில் ஒரு பெண் பூவரச இலையில் சுற்றி இரண்டு டேக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இரண்டு நம்பருக்கு எதிரே 'இறந்தது' என்று எழுதினேன். அந்த ரீடிங்கை நான் நம்பினேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், ரிசீவரை எத்தனை மீட்டர் இடைவெளியில் கட்டுவது, பேட்டரி எத்தனை நாள் வரும் என்றெல்லாம் கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே, மீன் எங்கே கழுவுகிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள் என்பேன். சிரிக்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று அதட்டுவேன். அதட்டல் மட்டும் இன்னும் போகவில்லை.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அது மட்டுமில்லை. முப்பது டேக், ஆறு ரிசீவர், எட்டு மாத ரீடிங். அது எதுவும் இல்லாமலே ஒரு மனுஷனுக்கு உண்மை தெரிந்திருந்தது. "நான் ஒண்ணு சொன்னா" என்று அதை என்னிடம் சொல்லவும் வந்தான். "சொல்லு ஏழுமலை" என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.